புகையில்லாத சுங்கான்கள்

மன்ஹாட்டன் 36ஆம் தெருவில் 1885இல் தொடங்கிய கீன்ஸ் ஸ்டேக்ஹவுஸுக்குப் போகிறவர் முதலில் அண்ணாந்து பார்க்க வேண்டும். கூரை முழுக்க நீளக் காம்புள்ள களிமண் சுங்கான்கள், 50,000-க்கும் மேல். அந்தக் காலத்தில் வாடிக்கையாளர்கள் தங்கள் சுங்கானை இங்கேயே விட்டுப்போவார்கள். சாப்பிட வந்தால் பையன் எடுத்துவந்து தருவான். தியோடர் ரூஸ்வெல்ட்டுடையதும் ஐன்ஸ்டைனுடையதும் இருக்கின்றன. இப்போது பற்றவைத்தால் அபராதம்: 2003 முதல் நகர உணவகங்களில் புகைக்கத் தடை. இடித்த வீட்டுக்குச் சாவிக்கொத்து மாட்டிவைத்த மாதிரி.

பெண்களுக்கும் ஒருகாலத்தில் இங்கே இடமில்லை. நடிகை லில்லி லாங்ட்ரி 1905இல் வழக்குப் போட்டு, ஜெயித்து, வந்து உட்கார்ந்தார். வரக்கூடாது என்று சொன்ன கடை இன்று அவர் பெயரிலேயே ஓர் அறை வைத்திருக்கிறது. தோற்ற வழக்கை இவ்வளவு லாபமாகக் கொண்டாடியவர்கள் குறைவு.

இவ்வளவு பெரிய மாட்டிறைச்சிக் கடையில் பேர்போன பதார்த்தம் எதுவென்றால், மட்டன் சாப்ஸ்! நம் ஊர் முனியாண்டி விலாஸ்காரர் கேட்டால் மீசையைத் தடவிக்கொள்வார். ஆனால் அவரிடம் குழம்பும் ரசமும் கேட்காமலே வரும். இங்கே ஸ்டேக் கேட்டால் தட்டில் கறி மட்டும்தான். கீரை வேண்டுமா, தனி விலை. உருளைக்கிழங்கா, அதுவும் தனி.

அண்ணாந்து பார்ப்பது மட்டும் இலவசம். பில் வந்ததும் பலர் மறுபடி கூரையைத்தான் பார்க்கிறார்கள்.