காணி உறுதியும் கணித நிதியியலும்

கணித நிதியியலில் முதுமாணிப் பட்டம் பெறுவதற்கு நியூயோர்க் உகந்ததா, லண்டன் உகந்ததா என்று யாழ்ப்பாணத்துக் குடும்பமொன்று ஆலோசிக்கும்போது, பாடத்திட்டங்களின் தாரதம்மியத்தைக் காட்டிலும், மாமன் எந்நகரில் வசிக்கிறார், விசா எங்கே சுலபம், பட்டத்தின் பின் சீதனம் எவ்வளவு உயரும் என்பனவே பிரதான விஷயங்களாக விசாரிக்கப்படுகின்றன. பிளாக்கும் ஷோல்ஸும் 1973இல் வெளியிட்ட, பங்குச் சந்தைத் தெரிவுரிமைகளுக்கு (options) விலை கணிக்கும் சூத்திரத்தை மகன் கற்பதற்காகக் காணியை ஈடு வைக்கும் தந்தைக்கோ, கழிவு கூறிச் சீட்டெடுத்த அனுபவத்தால் வட்டியின் சூட்சுமம் முன்னரே அத்துப்படி. அச்சூத்திரத்தின் கீர்த்தியால் 1997இல் பொருளியல் நோபல் பரிசு பெற்ற ஷோல்ஸும் மெர்ட்டனும் பங்காளிகளாயிருந்த முதலீட்டு நிறுவனம், மறு ஆண்டே நிலைகுலைந்து, 14 நிதி நிறுவனங்கள் கூடிச் சுமார் 360 கோடி டொலர் இட்டுத் தாங்க நேர்ந்தது. ஆகவே, பெற்றோரே, பல்கலைக்கழகத் தரவரிசையை ஆராயுமுன் ஈட்டை மீட்கும் தவணையைக் கணக்கிடுங்கள். அதற்குக் கூட்டலும் கழித்தலும் போதும்.