கொம்யூனுக்கு ஒரு பன்றி

பாகூர் மாமாவுக்கு,

பிரான்சில் காட்டுப்பன்றி வேட்டை என்பது முக்கால் பங்கு தேடல். மிச்சத்தில் பாதி சட்டம், பாதி காப்பி. பன்றியைச் சுடுவது இவற்றுக்கு நடுவில் எப்போதாவது நடக்கும்.

நாட்டில் பன்றிக்குப் பஞ்சம் இல்லை. 1970களின் தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கூடச் சுடப்படவில்லை. இப்போது அது 8 லட்சத்தைத் தாண்டுகிறது. ஆனால் அது பெரும்பாலும் காடு அடர்ந்த பகுதிகளின் கணக்கு. பாரிசுக்குத் தென்மேற்கே போஸ் போன்ற கோதுமைச் சமவெளிகளில் தோப்புகள் தள்ளித் தள்ளிக் கிடக்கின்றன. அங்கே பன்றியும் அரிது, அதன் நடையும் நீளம். நம் புதுச்சேரிக் கணக்கில் சொன்னால், வில்லியனூரில் மேய்ந்துவிட்டு விடிவதற்குள் பாகூரில் போய்ப் படுக்கிற ரகம். கோடையில் மக்காச்சோளம் ஆளுயரம் வளர்ந்துவிட்டால் தோப்புக்கும் திரும்பாது. சாப்பாடு, நிழல் இரண்டும் கொல்லையிலேயே.

வேட்டைக்காரருக்கு இவ்வளவு சுதந்திரம் கிடையாது. முதலில் பிரான்சின் பல்லுயிர் அலுவலகம் நடத்தும் தேர்வில் தேறவேண்டும்: எழுத்து, செய்முறை இரண்டும் உண்டு. பத்தாண்டுக்கு ஒருமுறை பாதுகாப்புப் பாடத்தையும் திரும்பப் படிக்கவேண்டும். அடுத்தது இடம். வில்லியனூரும் பாகூரும் நன்கு அறிந்த அந்தக் கொம்யூன் என்ற ஊராட்சிப் பிரிவுதான் இங்கே பல மாவட்டங்களில் வேட்டைக்கும் எல்லை. 1964 ஜூலை 10-ஆம் தேதியிட்ட வெர்தேய் சட்டப்படி, கொம்யூனில் உள்ள நிலங்களின் வேட்டை உரிமை ஊர்ச் சங்கத்தில் ஒன்றுசேரும்; வீடுகளைச் சுற்றி 150 மீட்டர் விலக்கு. எல்லையைத் தாண்டிய பன்றி அடுத்த சங்கத்தின் பன்றி. அது பன்றிக்குத் தெரிந்திருப்பதாகவே சிலர் சாதிக்கிறார்கள்.

பன்றி குறைவான இடத்தில் கண்டபடி நாயை அவிழ்த்துவிட்டால், இருக்கிற ஒன்றும் பக்கத்து ஊருக்குப் போய்விடும். அதனால் விடியற்காலையில் ஒருவர் மட்டும் கயிற்றில் கட்டிய நாயுடன் தோப்பைச் சுற்றி வருவார். பாதை ஓரத்து ஈரமண்ணில் குளம்புத்தடம் தேடுவது அவர் வேலை. மான் தடத்தில் பெரும்பாலும் இரண்டு குளம்பு மட்டுமே பதியும். பன்றித் தடத்தில் பின்னால் இருக்கும் சிறு குளம்புகளும் இருபுறமும் அகலமாகப் பதிந்திருக்கும். மரத்தில் சேறு அப்பியிருக்கும் உயரத்தைக் கொண்டு உருவத்தை மதிப்பிடலாம். உள்ளே போன தடம் இருந்து, வெளியே வந்த தடம் இல்லையென்றால் பன்றி உள்ளே படுத்திருக்கிறது. அந்த இடத்தில் ஒரு கிளையை ஒடித்துப் போட்டு அடையாளம் வைத்துவிட்டுப் போய் வேட்டைத் தலைவரிடம் சொல்வார். தடமே இல்லாத நாட்களில் காப்பி நேரம் நீளும்.

தகவல் உறுதியானால் ஊர்ச் சாலையில் எச்சரிக்கைப் பலகை வைக்கப்படும். எல்லோரும் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு மேலாடை போட்டுக்கொள்ளவேண்டும். சுடுபவர்கள் வரிசையாக நிற்பார்கள். ஒவ்வொருவரும் பக்கத்து ஆளை நோக்கி ஐந்து அடி நடந்து, அங்கிருந்து செங்குத்தாக மூன்று அடி வைத்து ஒரு குச்சியை நடுவார், மறுபக்கமும் அப்படியே. குச்சிக்கும் பக்கத்து ஆளுக்கும் இடைப்பட்ட 30 பாகைக்குள் துப்பாக்கியைத் திருப்பக்கூடாது. பிறகு கொம்பு ஊதுவார்கள், நாய்கள் உள்ளே போகும். மறுபடி கொம்பு ஊதினால் தோட்டாவை உருவிவிடவேண்டும். போதையில் வேட்டையாடினால் 1,500 யூரோ வரை அபராதம் என்று 2023 செப்டம்பரில் ஆணை வந்தது. மதுக்கடைக்குப் பேர்போன புதுச்சேரியில் இப்படி ஒரு விதி வந்தால் வரிசைக்கு ஆள் தேறுவது சிரமம்.

பன்றி விழுந்தால் கறி கூறு போடப்படும். நிலக்காரருக்கும் ஒரு கூறு போவது வழக்கம். ஊர் விருந்துக்குப் போகும் கறியில் புழு இருக்கிறதா என்று ஆய்வகத்தில் பார்க்கவேண்டும்.

நம் ஊரிலோ கதை வேறு. இந்தியாவில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி, அனுமதியில்லாமல் காட்டுப்பன்றியைத் தொடமுடியாது. தமிழ்நாட்டில் 2025 ஜனவரியில் வந்த அரசாணையும், காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடுவதற்குத்தான் வழிசெய்தது. பிரான்சில் ஊர்க்காரரே சுடலாம். அதற்கு விலையும் அவரே கொடுக்கவேண்டும். பன்றி அழித்த பயிருக்கு விவசாயிக்கு நஷ்டஈடு தருவது அரசு அல்ல, மாவட்ட வேட்டைக்காரர் கூட்டமைப்பு. அந்தப் பணம் உறுப்பினர்களிடம் வசூலாகிறது. எனவே பருவம் முழுக்கக் குளிரில் நின்று ஒரு வாலைக்கூடப் பார்க்காதவரும், பன்றி தின்ற சோளத்துக்குத் தன் பங்கைக் கட்டிவிட்டுத்தான் வீட்டுக்குப் போகிறார்.

இப்படிக்கு,
மருமகன்