உப்பிட்டவரை உள்ளளவும் நினை

பள்ளிச் சாப்பாட்டின் தரத்தைக் காக்கப் போராடுகிறவர்களுக்கு எங்காவது ஒரு மேடை, ஒரு மாலை கிடைத்துவிடுகிறது. அந்தப் போராட்டக்காரர்களிடமிருந்து சாப்பாட்டின் நற்பெயரைக் காக்க அல்லும் பகலும் உழைக்கிறார்களே, அந்தப் பெருமக்களுக்குத்தான் ஒரு சால்வை போர்த்தக்கூட ஆளில்லை. அந்தக் குறையைத் தீர்க்கவே இந்த வாழ்த்துரை.

முதல் மரியாதை உத்தரப்பிரதேசத்தின் மிர்சாப்பூர் மாவட்ட நிர்வாகத்துக்கு. 2019 ஆகஸ்டில் அங்கே ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் பிள்ளைகள் தரையில் வரிசையாக உட்கார்ந்து ரொட்டியைப் பிய்த்து உப்பில் தொட்டுத் தின்றார்கள். பருப்பும் காய்கறியும் போட்டு நாக்கைக் கெடுக்காமல் எளிமையைப் பாடமாக நடத்திய பந்தி அது. பவன் ஜெய்ஸ்வால் என்ற உள்ளூர்ப் பத்திரிகையாளருக்கு இந்த அருமை விளங்கவில்லை. வீடியோ எடுத்து ஊர் உலகத்துக்குக் காட்டிவிட்டார்.

ஆசிரியர்களை இடைநீக்கம் செய்வது யாரும் செய்யும் வேலை. அதோடு நின்றிருந்தால் அந்த நிர்வாகத்துக்கு இங்கே என்ன தனி மரியாதை? மோசடி, குற்றச் சதி என்று பத்திரிகையாளர் மேலேயே வழக்குப் பாய்ந்தது. அச்சுப் பத்திரிகைக்காரர் புகைப்படம் எடுத்திருக்கலாமே, வீடியோ எதற்கு என்று கேட்டார் மாவட்ட ஆட்சியர். தட்டில் பருப்பு எங்கே என்று எந்தப் பாமரனும் கேட்டுவிடுவான். படம் ஏன் அசைகிறது என்று கேட்பதற்கு ஐ.ஏ.எஸ். படித்திருக்க வேண்டும். சில மாதங்களில் காவல் துறை அவர்மேல் குற்றமில்லை என்று சொல்லிவிட்டது. ஆனால் என்ன? அடுத்த முறை செல்பேசியை எடுக்குமுன் எவனும் ஒரு கணம் யோசிப்பான். அந்த ஒரு கணத்தை நாட்டுக்கு ஈட்டித் தந்தவர்களை மறப்பது நன்றி கொன்ற செயல்.

அடுத்த சால்வை அதே மாநிலத்தின் சோன்பத்ரா மாவட்டத்துக்கு. அதே ஆண்டு நவம்பரில் ஒரு பள்ளியில் பெரிய அண்டா நிறைய வெந்நீர் காய்ந்துகொண்டிருந்தது. அதில் ஒரு லிட்டர் பால் பாக்கெட்டை உடைத்து ஊற்றிக் கலக்கி, 81 பிள்ளைகளுக்குக் கொடுத்தார்கள். வகுத்துப் பார்த்தால் தலைக்குப் பன்னிரண்டு மில்லி சொச்சம். கைக்குழந்தைக்குச் சங்கில் புகட்டுகிற அளவுதான். பாரபட்சம் என்ற பேச்சுக்கே இடமில்லாத பந்தி! வகுத்தல் கணக்கைக் கரும்பலகையில் எழுதிப் புரியவைக்க முடியாத ஆசிரியர்கள் அந்த அண்டாவைப் பார்த்துப் படிக்க வேண்டும்.

இனி டெல்லியில் இருக்கும் பெரியவர்கள். 2025 மே மாதத்திலிருந்து தொடக்கப் பள்ளிப் பிள்ளை ஒருவருக்கு ஒரு வேளைச் சமையல் செலவாக அவர்கள் அனுமதித்திருப்பது 6 ரூபாய் 78 காசு. தானியம் தனியாக வந்துவிடும். பருப்பு 20 கிராம், காய்கறி 50 கிராம், எண்ணெய் 5 கிராம், மசாலா, விறகு அல்லது கேஸ் எல்லாம் இந்தத் தொகைக்குள் அடங்க வேண்டும். ஆறு ரூபாயோ ஏழு ரூபாயோ என்று குத்துமதிப்பாக விட்டுவிடாமல் 78 காசு வரைக்கும் இறங்கிக் கணக்குப் பார்த்த அக்கறையை எந்தத் தாயிடம் காண முடியும்?

சமைக்கும் பெண்களையும் அவர்கள் மறக்கவில்லை. 2009இல் மாதம் ஆயிரம் ரூபாய் என்று மதிப்பூதியம் வைத்தார்கள். இன்றும் மத்திய அரசின் கணக்கில் அதே ஆயிரம்தான், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம். தங்கம் ஏறியது, வெங்காயம் ஏறியது, ஆட்சியும் மாறியது. கொடுத்த வாக்கில் நிற்பது என்றால் இப்படியல்லவா நிற்க வேண்டும்!

பிள்ளைகளின் ஆன்மாவைக் காக்கிறவர்களுக்கும் ஒரு மாலை உண்டு. 2021 டிசம்பரில் கர்நாடகத்தின் வட மாவட்டங்களில், சத்துக் குறைவால் வாடும் பிள்ளைகளுக்கு முட்டை கொடுக்கத் தொடங்கியபோது, மடாதிபதிகள் சிலர் துடித்துப்போனார்கள். எலும்பு தெரிகிற உடம்புக்குள்ளும் ஆன்மாவை மட்டுமே பார்க்கும் கண் அவர்களுடையது. கொப்பள் மாவட்டத்துப் பள்ளி மாணவி ஒருத்திக்கு அந்தக் கருணை புரியவில்லை. முட்டையை நிறுத்தினால் உங்கள் மடத்துக்கே வந்து சாப்பிடுவோம் என்று சொல்லிவிட்டாள். மகாராஷ்டிரத்திலோ இந்தத் தொல்லையே இல்லை. 2025 ஜனவரியில் முட்டைக்கு அரசுப் பணம் கிடையாது, வேண்டுமானால் பொதுமக்கள் பங்களிப்பில் போட்டுக்கொள்ளலாம் என்று ஆணை போட்டார்கள். தானம் செய்து புண்ணியம் தேடும் வாய்ப்பை மக்களுக்கே விட்டுக்கொடுக்கும் அரசு வேறெங்கே இருக்கிறது? 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று தொடங்கி, இன்று பள்ளி நாளெல்லாம் முட்டை போட்டுப் பிள்ளைகளைப் பழக்கிவிட்ட தமிழ்நாட்டுக்கு இந்தப் பக்குவம் எப்போது வருமோ!

இவ்வளவு நல்லவர்களுக்கு இடைஞ்சல் தந்தவர்களையும் சொல்லியாக வேண்டும். 2001இல் மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. அதுவரை பல மாநிலங்கள் பிள்ளைகளுக்குத் தானியத்தை மட்டும் அளந்து கொடுத்துவிட்டு நிம்மதியாக இருந்தன. அந்த ஆண்டு நவம்பர் 28 அன்று, சமைத்த உணவு, குறைந்தது 300 கலோரி, 8 முதல் 12 கிராம் புரதம், ஆண்டுக்கு 200 நாளாவது என்று நீதிமன்றம் ஆணையிட்டுவிட்டது. இன்று எந்தக் கிராமத்துத் தாயும் பள்ளி வாசலில் நின்று பருப்பு எங்கே என்று கேட்கலாம். அந்தக் கேள்விக்குப் பதில் தயாரிப்பதற்குள் நம் பெருமக்களுக்கு நாக்குத் தள்ளிப்போகிறது.

பரிமாறுமுன் ஆசிரியர் ருசிபார்க்க வேண்டும் என்று ஒரு விதி இருக்கிறது. மேலிடம்வரை அதை நீட்டிப்பது என் சிறு யோசனை. மாதம் ஒருநாள், முன்னறிவிப்பு இல்லாமல், செயலரும் ஆட்சியரும் அமைச்சரும் பந்தியில் உட்கார்ந்து பிள்ளையின் அளவையே வாங்கிச் சாப்பிடலாம். சம்மதிக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஏழைப் பிள்ளைகளின் வாய்ச்சோற்றில் பங்கு கேட்கிற மனம் அவர்களுக்குக் கிடையாது. தங்கள் வீட்டுப் பிள்ளைகளைக்கூட அந்தப் பந்திப் பக்கம் அவர்கள் அனுப்பாததற்கு அந்தப் பெருந்தன்மை ஒன்றுதான் காரணம்.