தோப்புடையாரும் வாளோட்டியும்

2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யத்தை ஒட்டிக் கரையேறிய கஜா புயல், பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களின் தென்னந்தோப்புகளைச் சாய்த்துவிட்டுப் போன பின்னர், அவ்வூர்களில் வாரக்கணக்கில் கேட்ட ஓசை சங்கிலி வாளினுடையது. பல் வைத்த சங்கிலியைப் பெட்ரோல் இயந்திரத்தின் விசையால் ஒரு தகட்டின் விளிம்பில் சுழலவிட்டு மரத்தை அறுக்கும் இக்கருவியை ஊரார் 'மரம் அறுக்கும் மிஷின்' என்பர். அந்நாள்களில் எந்தத் தோப்பிலும் நிகழ்ந்திருக்கக்கூடிய கற்பனை உரையாடல் ஒன்று இங்கே தரப்படுகிறது.

பேசுவோர் இருவர். தோப்புடையார், சென்னையில் அலுவலக வாழ்வை முடித்துக்கொண்டு கிராமத்தின் எளிமையைத் தழுவ வந்தவர். அந்த எளிமைக்கு வேண்டிய பொருள்கள் இரண்டு லாரிகளில் வந்து சேர்ந்தன. வாளோட்டி, தோப்புடையாரின் தந்தையிடமும் கூலி வாங்கியவர் என்பதால் அவரைத் 'தம்பி' என்று அழைக்கும் உரிமை பெற்றவர். இருவர் பேச்சும் எழுத்து நடைக்கு மாற்றப்பட்டுள்ளது; மாற்றத்தில் வாளோட்டியின் அடைமொழிகள் சில விடுபட்டன.

தோப்புடையார்: அண்ணே, இந்த மரத்தில்தான் ஏதோ கோளாறு. வாள் புத்தம் புதியது. வாங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. அரை மணி நேரமாக அழுத்தியும் பாதித் தண்டு அறுபடவில்லை, புகைதான் வருகிறது.

வாளோட்டி: விழுந்து கிடக்கிற மரத்துக்கு இனி என்ன கோளாறு வரப்போகிறது, தம்பி? கீழே கொட்டியிருப்பதைப் பாருங்கள், மாவு. கூரான பல் மரத்தைச் சீவும், சீவல் சீவலாக விழும். மழுங்கிய பல் தேய்க்கும், மாவாகக் கொட்டும். அழுத்தினால்தான் அறுபடும் என்று ஆனபோதே வாளை நிறுத்தி அரத்தை எடுத்திருக்க வேண்டும்.

இங்கே சொல்லப்படும் அரம் உருளை வடிவானது. சங்கிலியின் அளவுக்கேற்ப அதன் விட்டம் ஏறத்தாழ 4 முதல் 5.5 மில்லிமீட்டர் வரை மாறும். பெரும்பாலான சங்கிலிகளில் பல்லை 30 பாகைக் கோணத்தில் உள்ளிருந்து வெளிநோக்கி மட்டுமே தீட்டுவர். தென்னை ஒருவித்திலைத் தாவரமாதலால் அதற்கு ஆண்டு வளையங்கள் கிடையா. நடுப்பகுதி மென்மையாகவும் புறப்பகுதி மிகக் கெட்டியாகவும் அமைந்து, திசுவில் சிலிக்காத் துகள்களும் கலந்திருப்பதால், வாளின் பல்லை அது விரைவில் மழுக்கிவிடும்.

தோப்புடையார்: ஒரு வாரத்திலேயே மழுங்குமா? கையேட்டின் நாற்பது பக்கங்களும் படித்தாயிற்றே.

வாளோட்டி: எழுதியவர் தென்னையைப் பார்த்திருக்க மாட்டார். அது போகட்டும், அறுத்து முடிக்கிற இடத்தில் வாளின் நுனி மண்ணைத் தொட்டதா?

தோப்புடையார்: தொட்டது என்று சொல்ல முடியாது. கொஞ்சம் உழுதது.

வாளோட்டி: சங்கிலி நொடிக்கு இருபது மீட்டர் ஓடுகிறது. அந்த ஓட்டத்தில் மணல் பட்டால் பல்லில் என்ன மிஞ்சும்?

தோப்புடையார் இதற்கு விடையாக வரலாற்றை எடுத்தார். இன்றைய சங்கிலிப் பல்லின் வடிவம் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மரவெட்டியான ஜோசப் காக்ஸ் என்பவர் 1946இல் கண்டது என்றும், அடிமரத்தைக் குடைந்துகொண்டிருந்த வண்டுப்புழு ஒன்று தன் தாடைகளால் இடமும் வலமுமாக அரிந்து முன்னேறியதைப் பார்த்தே அவர் பற்களை இருபுறமும் மாற்றி மாற்றி அமைத்தார் என்றும் விரிவாக எடுத்துரைத்தார். கூறியவை உண்மையே, ஆனால் அவர் அதைக் கூறிக்கொண்டிருந்த நேரத்தில் வாளோட்டி ஆறு பற்களைத் தீட்டியிருந்தார்.

வாளோட்டி: இடமும் வலமும் என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். இடப்பக்கம் நீளமாகவும் வலப்பக்கம் குட்டையாகவும் தீட்டினால் வாள் நேராக இறங்காமல் ஒரு பக்கமாக வளைந்து போகும். நேற்று உங்கள் அறுப்பு வளைந்ததற்கு மரத்தின் குணம் காரணம் என்றீர்களே, அது இதுதான்.

தோப்புடையார்: அது இயற்கையின் வளைவு என்று நினைக்கத் தோன்றியது. இருக்கட்டும், பெட்ரோல் தீர்ந்துவிட்டது. இதோ, கலப்படமே இல்லாத தூய பெட்ரோல்.

வாளோட்டி: கையை எடுங்கள்! கலப்படம் இல்லாவிட்டால் பிஸ்டன் இறுகிவிடும். முதல் டேங்க் கடைக்காரர் கலந்து கொடுத்ததால் தப்பியது.

இரு வீச்சு இயந்திரத்திற்குத் தனி எண்ணெய்த் தொட்டி இல்லாமையால் பெட்ரோலோடு கலந்துசெல்லும் டூ-டி ஆயிலே அதன் உள்ளுறுப்புகளுக்கு மசகாகிறது; ஐம்பதுக்கு ஒன்று என்னும் வழக்கமான விகிதத்தில் ஒரு லிட்டருக்கு 20 மில்லிலிட்டர் சேர்க்க வேண்டும். சங்கிலிக்கான எண்ணெய் வேறு, அதற்குத் தொட்டியும் வேறு. தூய்மை என்பதை எல்லா இடங்களிலும் அறமாகக் கொள்ளும் ஒருவருக்கு இச்செய்தி எளிதில் செரிக்கவில்லை.

பின்னர், இரு முனைகளும் மேட்டில் தங்கி நடுவில் பள்ளத்தின்மேல் கிடந்த மரமொன்றை மேலிருந்தே முழுவதும் அறுக்க முனைந்தார் தோப்புடையார். அவ்வாறு கிடக்கும் மரத்தில் மேற்பகுதி நெருக்கப்பட்டும் அடிப்பகுதி இழுக்கப்பட்டும் நிற்கும். மேலே சிறிதளவு அறுத்துவிட்டு மீதியைக் கீழிருந்து அறுப்பதே முறை. வாள் நடுவழியில் இறுகியது.

தோப்புடையார்: மரம் வாளைப் பிடித்துக்கொண்டது அண்ணே!

வாளோட்டி: படுத்திருக்கிற மரத்துக்குள்ளும் பாரம் விழித்துக்கொண்டுதான் இருக்கும், தம்பி. வேரோடு பெயர்ந்ததை அடியில் அறுக்கும்போது வேர்க்கட்டியின் பின்னால் யாரும் நிற்கக் கூடாது. தண்டு விடுபட்டதும் கட்டி பழைய குழியிலேயே சட்டென்று போய் உட்காரும்.

தோப்புடையார்: அப்படியானால் மிச்சத்தை அறுக்கவே வேண்டாம். அப்படியே கிடந்து மண்ணோடு மண்ணாக மக்கட்டும், அதுதான் இயற்கை வேளாண்மை.

வாளோட்டி: மக்குகிற தென்னந்தண்டில்தான் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புழு அங்கே வளரும், வண்டானதும் பிழைத்து நிற்கிற மரத்தின் குருத்தைத் தேடிப் போகும். புயலுக்குத் தப்பிய நாற்பது மரத்தையும் அதற்கு விருந்து வைக்கப் போகிறீர்களா?

சிறிது நேரம் தோப்பில் அரத்தின் ஓசை மட்டுமே கேட்டது. பிறகு பேச்சு, அத்தகைய பேச்சுகள் எல்லாம் சென்றடையும் இடத்தைச் சென்றடைந்தது.

தோப்புடையார்: அரசு அறிவித்த நிவாரணம் மரத்துக்கு 1100 ரூபாய், அதில் 600 மரத்துக்கு, 500 அதை வெட்டி அகற்றுவதற்கு. அந்த 500க்குள் எல்லாம் அடங்கிவிடும் அல்லவா?

வாளோட்டி: அறுப்பது அடங்கும். சொந்த வாளை விட்டுவிட்டு உங்கள் வாளுக்குப் பல் தீட்டியதற்குக் கூலி தனி. வரலாறு கேட்டதற்கு மட்டும் எதுவும் வேண்டாம், அது உங்கள் அப்பா முகத்துக்காக.

தோப்புடையார் ரசீது கிடைக்குமா என்று கேட்டார்.