மூன்று கோலிக்குண்டும் ஒரு மப்ளரும்

செவ்வாய்க்கிழமை வந்த மின்னஞ்சலின் எரிச்சல் இன்னும் ஆறவில்லை. அதே பழைய ஆல்பம். புது ரீமாஸ்டர். ‘இதுவரை வெளிவராத’ பதினொன்று. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பட்டியலைப் படித்தால், அந்தப் பதினொன்றில் ஆறு, குரலை மட்டும் உருவிவிட்ட அதே பாட்டுகள். மூன்று, முன்பே ஜப்பான் பதிப்பில் மட்டும் வந்து, நாம் அன்றைக்கே அடித்துப்பிடித்து வாங்கி வைத்தவை. ஒன்றில் பாடகர் இருமுகிறார், சிரிக்கிறார், மறுபடியும் இருமுகிறார். மிச்சம் ஒன்றே ஒன்று. எத்தனையோ வருஷமாக நாம் கெஞ்சிக்கொண்டிருக்கிற அந்த ஒன்று. அது பெரிய பெட்டியில் மட்டும்தான் உண்டு. சின்னப் பெட்டியில் கிடையாது, தனியாகவும் தர மாட்டார்களாம். எந்தக் குழு என்று சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்களும் வந்து வரிசையில் நிற்பீர்கள். ஆயிரம் பிரதிதான் போடுகிறார்கள்.

பணம் கட்டியாயிற்று. அது வேறு விஷயம்.

நான் சொல்ல வந்தது என்னவென்றால், இந்த மாதிரி பாக்ஸ் செட்டை வாங்குவதா விடுவதா என்று அரை நிமிஷத்தில் முடிவுசெய்ய என்னிடம் ஒரு கணக்கு இருக்கிறது. நிறையப் பணத்தை இறைத்துக் கண்டுபிடித்த கணக்கு. அதைத் தெரிந்துகொண்டால் உங்கள் வீட்டில் பாதிச் சண்டை குறையும். சொல்கிறேன். அதற்கு முன்னால் அந்தக் கோலிக்குண்டு விவகாரத்தை ஒரு வழி பண்ணிவிடலாம்.

2011-ல் பிங்க் ஃபிலாய்ட் ‘இமர்ஷன்’ என்று பெட்டிகள் போட ஆரம்பித்தார்கள். முதலில் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’. ஆறு தட்டு. உள்ளே இருந்த சரக்கைக் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும். 1974-ல் வெம்ப்ளியில் வாசித்த கச்சேரி. ஆலன் பார்சன்ஸ் 1972-ல் செய்த ஆரம்பகட்ட மிக்ஸ். அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. ஒரு மப்ளர் வைத்தார்கள். டம்ளர் வைக்கிற அட்டை ஒன்பது வைத்தார்கள். மூன்று கறுப்புக் கோலிக்குண்டு வைத்தார்கள்.

மப்ளரைக்கூட மன்னிக்கலாம். லண்டன்காரனுக்குக் குளிரும். சென்னையில் மார்கழி விடியற்காலையில் பால் வாங்கப் போகிறவர்களும் மப்ளர் கட்டுகிறார்கள், இல்லையென்று சொல்லவில்லை. அட்டைதான் கொஞ்சம் உதைக்கிறது. ஒன்பது பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து காபி குடிப்பது பெண் பார்க்க வருகிற அன்று மட்டும்தான். அன்றைக்குப் போய் பிங்க் ஃபிலாய்ட் அட்டையை எடுத்து வைத்தால் சம்பந்தம் கூடுமா? தவிர, டம்ளருக்குக் கீழே வைக்கத்தான் டபரா என்று ஒன்றை நம் முன்னோர் எப்போதோ கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

கோலிக்குண்டுதான் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. ஒரு கூட்டம் நடந்திருக்கும் அல்லவா? பெரிய மேஜை, தண்ணீர் பாட்டில், கோட்டுப் போட்ட ஆட்கள். பெட்டியில் இன்னும் கொஞ்சம் இடம் இருக்கிறதே, என்ன போடலாம் என்று ஒருவர் கேட்டிருப்பார். ரசிகன் கேட்பதைப் போடலாம் என்று எவனாவது ஒரு சின்னப் பையன் சொல்லியிருந்தால் அவனுக்கு அடுத்த மாதமே வேலை போயிருக்கும். அப்போது ஒருவர் எழுந்து, நிலா உருண்டை, அதன் இருட்டுப் பக்கம் கறுப்பு, ஆகவே கறுப்பு உருண்டை என்று சொல்லியிருப்பார். கைதட்டியிருப்பார்கள். அவருக்குப் பதவி உயர்வுகூடக் கிடைத்திருக்கலாம்.

சரி, குண்டு கொடுத்தாய். ஏன் மூன்று? மூன்று குண்டை வைத்துக்கொண்டு என்ன ஆடுவது? எங்கள் தெருவில் டவுசர் பையில் ஐந்து குண்டாவது குலுங்காதவனைக் குழிப்பக்கமே அண்டவிட மாட்டார்கள். இரண்டு குண்டைத் தோற்றால் மூன்றாவது குண்டோடு வீட்டுக்கு அழுதுகொண்டே போக வேண்டியதுதான். இந்த மனக்குறை லண்டன்வரை கேட்டதோ என்னவோ, அடுத்து வந்த ‘விஷ் யூ வேர் ஹியர்’ பெட்டியில் நிறமில்லாத கண்ணாடிக் குண்டு மூன்று வைத்தார்கள். 2012-ல் ‘தி வால்’ வந்தது. செங்கல் கோடு போட்ட வெள்ளைக் குண்டு மூன்று. ஆக ஒன்பது. இப்போது ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வார்கள். ஆனால் எதிரே ஆட ஆள் வேண்டுமே! மூன்று பெட்டியையும் வாங்கியவன் இன்னொருவன் எங்கள் பேட்டையில் இருந்தாலும் அவன் முட்டி மடக்கித் தரையில் உட்காரக் கூடிய வயதில் இருக்க மாட்டான்.

இதில் கொடுமை, குண்டு ஒன்று தொலைந்தால் பெட்டியின் மதிப்பு போச்சு. பழைய பெட்டி விற்கிறவர்கள் தட்டில் கீறல் உண்டா என்று சொல்வதற்கு முன் ‘குண்டு மூன்றும் உள்ளன’ என்று போடுகிறார்கள். என் நண்பர் ஒருவர், ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, இந்தக் கட்டுரையில் இனி அடிக்கடி வருவார். அவருடைய பேரன் கறுப்புக் குண்டில் ஒன்றை விழுங்கிவிட்டான். ஆஸ்பத்திரி, எக்ஸ்-ரே, வாழைப்பழம் எல்லாம் ஆயிற்று. பேரனுக்கு ஒன்றுமில்லை. குண்டும் கிடைத்துவிட்டது. ஆனால் “மின்ட் கண்டிஷன்னு இனிமே எந்த முகத்தோட சொல்றது?” என்று மனிதர் ஒரு வாரம் சரியாகச் சாப்பிடவில்லை.

இப்படி எல்லோரும் குண்டைத் திட்டினோம். 2023-ல் ‘தி டார்க் சைட் ஆஃப் த மூன்’ ஆல்பத்துக்கு ஐம்பதாம் ஆண்டுப் பெட்டி வந்தது. குண்டு இல்லை. ஜெயித்துவிட்டோம் என்று திறந்து பார்த்தால் 1972 மிக்ஸும் இல்லை. வெம்ப்ளி கச்சேரி மட்டும் மறுபடியும் வந்திருந்தது, கூடவே டால்பி அட்மாஸ். ஒலி தலைக்கு மேலிருந்து இறங்க வேண்டும், அதற்குக் கூரையில் ஸ்பீக்கர் மாட்ட வேண்டும். எங்கள் கூரையில் மின்விசிறி மாட்டியிருக்கிறது. மே மாதத்தில் அதைக் கழற்றி ஸ்பீக்கர் மாட்டுகிற அளவுக்கு நான் இன்னும் முற்றவில்லை.

அந்தக் குழுவைப் பற்றிச் சொன்னால் சொல்லிக்கொண்டே போகலாம். ‘அனிமல்ஸ்’ ஆல்பத்தை 2018-ல் புதிதாக மிக்ஸ் செய்து முடித்துவிட்டார்கள். கைக்கு வந்தது 2022 செப்டம்பரில். நடுவே என்ன ஆயிற்று? பெட்டிக்குள் அச்சிட வேண்டிய குறிப்புரையில் ரோஜர் வாட்டர்ஸுக்கும் டேவிட் கில்மோருக்கும் தகராறு. எண்பதை நெருங்குகிற இருவர், நாற்பது வருஷத்துக்கு முந்தைய பாட்டு, அதைப் பற்றி மூன்றாமவர் எழுதிய கட்டுரை! கடைசியில் கட்டுரை இல்லாமலே வெளியிட்டார்கள். வாட்டர்ஸோ 2021-லேயே அதைத் தன் இணையதளத்தில் போட்டுவிட்டார். அதாவது எந்தக் கட்டுரைக்காக இசை நின்றதோ அது ஓசியில் கிடைத்தது, இசைக்குத்தான் நாங்கள் வாய் பிளந்து காத்திருந்தோம்.

இந்த இடத்தில் கணக்கைச் சொல்லியிருக்க வேண்டும். பீட்டில்ஸ் குறுக்கே வருகிறார்கள்.

‘கார்னிவல் ஆஃப் லைட்’. பெயரைச் சொன்னதுமே உங்களில் பாதிப் பேர் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். 1967 ஜனவரி 5 அன்று பதிவானது, கிட்டத்தட்ட பதினான்கு நிமிஷம். தொண்ணூறுகளில் ‘ஆந்தாலஜி’ தொகுதிகள் தயாரானபோது பால் மெக்கார்ட்னி அதைச் சேர்க்க ஆசைப்பட்டார், ஜார்ஜ் ஹாரிசன் வேண்டாம் என்றுவிட்டார். 2017-ல் ‘சார்ஜென்ட் பெப்பர்’ பெட்டி வந்தபோது தேடினோம். இல்லை. 2025 நவம்பரில் ‘ஆந்தாலஜி 4’ வந்தது. முப்பத்தாறு பாட்டு, அதில் பதின்மூன்றுதான் புதிது. அதிலும் இல்லை. கேட்ட சிலர் சொல்வதை வைத்துப் பார்த்தால் தாறுமாறான முரசும் ஆர்கனும் நடுநடுவே கூச்சலுமாக இருக்குமாம். ஹாரிசன் சொன்னது சரியாகவே இருக்கலாம். அதனால் என்ன? நல்ல பாட்டைத்தான் அவர்களே அன்றைக்கே வெளியிட்டுவிட்டார்களே. ஐம்பது வருஷமாக எடுத்து வைத்திருப்பதில் எங்களுக்கு வேண்டியது மோசமான பாட்டுதான்.

‘ஹெல்டர் ஸ்கெல்டர்’ கதையும் அதேதான். 1968 ஜூலை 18 அன்று ஒரே மூச்சில் இருபத்தேழு நிமிஷம் வாசித்த டேக் ஒன்று இருக்கிறது. அந்தப் பாட்டு வந்த ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுப் பெட்டியில் கண்டிப்பாக வரும் என்று நம்பினோம். அதே நாளில் வாசித்த வேறொரு டேக்கைக் கொடுத்தார்கள். பதின்மூன்று நிமிஷத்துக்குக் கொஞ்சம் குறைவு. பேரம் பேசி பாதிக்குப் படிந்ததுபோல. ஈஷர் டெமோக்கள் என்கிற ஆரம்பகட்டப் பதிவுகள் அந்தப் பெட்டியில்தான் முழுதாக வந்தன, அவை தங்கம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் இருபத்தேழு இருபத்தேழுதான்.

பாப் டிலன் விஷயம் இதற்கு நேரெதிர். ஐரோப்பாவில் ஒலிப்பதிவுகளுக்கான உரிமைக் காலத்தை ஐம்பதிலிருந்து எழுபது ஆண்டாக உயர்த்திச் சட்டம் வந்தது. ஆனால் ஐம்பது ஆண்டுக்குள் வெளியிடாத பதிவுக்கு அந்தச் சலுகை கிடையாது. உடனே 2012 கடைசியில் அவருடைய ஆரம்பகாலப் பதிவுகளை நான்கு தட்டில் போட்டு, ஐரோப்பாவில் மட்டும், சுமார் நூறு பிரதி கடைக்கு அனுப்பினார்கள். தலைப்பிலேயே உரிமை நீட்டிப்புத் தொகுப்பு என்று அச்சடித்திருந்தார்கள். அந்த ஒரு நேர்மைக்காகவே அவர்களைப் பாராட்ட வேண்டும். வெளியிட வேண்டும் என்றுதான் சட்டம் சொன்னது, எவனுக்காவது கிடைக்க வேண்டும் என்று சொல்லவில்லை. எங்கள் புலம்பல் எட்டியதோ என்னவோ, 2016-ல் அவருடைய 1966 சுற்றுப்பயணத்தில் கிடைத்த அத்தனை கச்சேரியையும் சேர்த்து முப்பத்தாறு தட்டு. ஊருக்கு ஊர் ஏறக்குறைய அதே பாட்டுகள், அதே வரிசை. கல்யாணப் பந்தியில் ரசம் கேட்டவனுக்கு முதலில் தீர்ந்துபோச்சு என்பது, அப்புறம் அண்டாவோடு இலையில் கவிழ்ப்பது. மான்செஸ்டரில் ஒரு ஆள் எழுந்து திட்டுகிறானே, அந்தப் புகழ்பெற்ற கச்சேரி 1998-லேயே வந்துவிட்டது. மற்ற ஊர்களிலும் யாராவது திட்டியிருக்கிறார்களா என்று என் நண்பர் ஒவ்வொரு தட்டாகப் போட்டுப் பார்த்தார். திட்டியிருக்கிறார்கள். ஆனால் பாதித் தட்டுக்குமேல் அது மேடையிலிருந்து வருகிறதா, அவர் வீட்டுச் சமையலறையிலிருந்து வருகிறதா என்று பிரிக்க முடியவில்லையாம்.

அதில் சில தட்டுகள் பார்வையாளர் யாரோ கூட்டத்துக்குள் உட்கார்ந்து பதிவு செய்தவை. நிறுவனங்களின் காப்பறை, பெட்டகம் என்று பெருமையடிப்பதெல்லாம் இப்படித்தான். மைக் மில்லார்ட் என்று ஓர் அமெரிக்க ரசிகர் எழுபதுகளில் சக்கர நாற்காலியில் ஒலிப்பதிவுக் கருவியை ஒளித்து வைத்து அரங்குக்குள் கொண்டுபோவார். மாட்டியிருந்தால் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருப்பார்கள். 1975 ஏப்ரல் 26 அன்று லாஸ் ஏஞ்சலஸில் அவர் திருட்டுத்தனமாகப் பதிந்த பிங்க் ஃபிலாய்ட் கச்சேரி, ‘விஷ் யூ வேர் ஹியர்’ ஐம்பதாம் ஆண்டு வெளியீட்டில் அதிகாரபூர்வமாக இடம்பெற்றிருக்கிறது. பூட்லெக் வாங்குகிறவன் கலைஞன் வயிற்றில் அடிக்கிறான் என்று அந்தக் காலத்தில் எங்களுக்கு எவ்வளவு உபதேசம்! அதே பூட்லெக்கை அவர்களிடமே மறுபடியும் காசு கொடுத்து வாங்குகிறோம்.

வாங்கியதை எங்கே வைப்பது என்பது தனிப் பிரச்சினை. எங்கள் வீட்டில் கொலுப்படி பரணிலிருந்து இறங்கி ஐந்தாறு வருஷமாக எங்கோ சுவர் ஓரமாக நிற்கிறது, பரணில் பெட்டிகள். “ஏங்க, இதையேதான போன தடவையும் வாங்கினீங்க?” என்பாள் மனைவி. இது மோனோ, அது ஸ்டீரியோ என்பேன். “ரெண்டு காது இருக்கிறவங்களுக்கு ஸ்டீரியோ போதாதா?” என்பாள். அதற்குப் பதில் இருக்கிறது, புரியவைக்கத்தான் முடியாது.

நம்பிக்கை எங்கே கெட்டுப்போயிற்று என்றால் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீனிடம்தான். 1982-ல் அவர் வீட்டில் தனியாக உட்கார்ந்து பதிந்த ‘நெப்ராஸ்கா’ பாட்டுகளைக் குழுவோடும் வாசித்துப் பதிந்தார் என்று ரசிகர்கள் காலம் காலமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். 2025-ல் ஒரு பத்திரிகைக்காரர் அவரிடமே கேட்டார். அப்படி ஒன்று கிடையவே கிடையாது என்றார். கொஞ்ச நாளில் அதே பத்திரிகைக்காரருக்குக் குறுஞ்செய்தி போயிற்று: தேடிப் பார்த்தேன், இருக்கிறது. அக்டோபரில் பெட்டியே வந்துவிட்டது. இதனால் என்ன ஆயிற்று? இனி எந்தக் கலைஞன் என்னிடம் எதுவும் இல்லை என்று சத்தியம் செய்தாலும் நம்ப ஆளில்லை. என் நண்பருக்குப் போன மாதம் வயிற்றில் ஸ்கேன் எடுத்து ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். “நல்லா தேடினீங்களா சார்?” என்று கேட்டிருக்கிறார்.

அவர் நீல் யங் பக்தர். அந்த ‘ஆர்க்கைவ்ஸ்’ வரிசையைப் பற்றி எண்பதுகளின் கடைசியிலேயே பேச்சு அடிபட்டது. முதல் தொகுதி 2009-ல் வந்தபோது நண்பர் சர்வீஸில் இருந்தார், போனஸில் வாங்கினார். அது 1972-வரைக்கும்தான். இரண்டாவது 2020-ல். மூவாயிரம் பிரதி கண்மூடித் திறப்பதற்குள் தீர்ந்து, மறுவருஷம் சாதாரணப் பதிப்பு வந்தது. அதற்குள் ஓய்வுபெற்றுவிட்டதால் கிராஜுவிட்டியில் கைவைத்தார். மூன்றாவது 2024-ல், இருபத்திரண்டு தட்டு, கதை 1987-ல் வந்து நிற்கிறது. அதைப் பென்ஷனில் வாங்கினார். நீல் யங்குக்கு எண்பது வயது, 1987-க்குப் பிறகும் மனிதர் ஓயாமல் பாடியிருக்கிறார். நான்காவது தொகுதி எப்போது வரும், எந்தப் பணத்தில் வாங்குவது என்று யோசித்து யோசித்து, நண்பர் போன வாரம் உயில் எழுதப் போனார். மனை மனைவிக்கு, ஃபிக்சட் டெபாசிட் மகளுக்கு, பெட்டிகள் மகனுக்கு. நான்காம் தொகுதியையும் மகன் பெயரில் போடச் சொன்னாராம். இல்லாத சொத்தை உயிலில் எழுதக் கூடாது சார் என்றிருக்கிறார் வக்கீல்.

“இல்லேன்னு யார் சொன்னது? எல்லாம் பதிவாகி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அந்த ஆள்தான் கொடுக்க மாட்டேங்கிறான். நீங்க எழுதுங்க, சூப்பர் டீலக்ஸ்னு போடுங்க.”