கப்பல் விடுதல்: மயிலாடுதுறைத் தெருநீரில் ஒரு பிற்பகல் ஆய்வு

கப்பல் என்பது ஏறிப் போவதற்கானது என்றொரு மூடநம்பிக்கை கடலோர நகரங்களில் வேரூன்றிவிட்டது. சென்னைத் துறைமுகத்தில் 1911 முதல் இருந்துவரும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப்பைச் சேர்ந்தவர்கள் விடுமுறைப் பிற்பகலில் பாய்மரப் படகைத் தண்ணீரில் இறக்குகிறார்கள். இறக்கியதோடு நிற்காமல் தாங்களும் ஏறிக்கொள்கிறார்கள். உலகெங்கும் சிறுவர்கள் பாய் பழகும் ‘ஆப்டிமிஸ்ட்’ படகு சுமார் 2.3 மீட்டர் நீளம்தான். அதற்குள்ளும் ஒரு பிள்ளையை உட்காரவைத்துவிடுகிறார்கள். சென்னையின் நேத்ரா குமணன் பாய்மரப் படகில் டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அவரும் படகோடுதான் போனார். கப்பலை மட்டும் அனுப்பிவிட்டுக் கரையில் நிற்பது வேறு கலை. அதற்குத் தலைநகரம் மயிலாடுதுறை என்று நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எங்கள் ஊருக்கு விரிகுடா கிடையாது. கடல் வேண்டுமென்றால் கிழக்கே சுமார் 24 கிலோமீட்டர் போய்ப் பூம்புகாரில்தான் பார்க்க வேண்டும். ஊருக்குள் காவிரி உண்டு. மேட்டூரில் திறந்த தண்ணீர் கடைமடைக்கு வந்து சேர்ந்தால் அதில் தண்ணீரும் உண்டு. இருந்தும் ஐப்பசி அடைமழையில், பள்ளிக்கூடம் விட்ட அரை மணிக்குள் இங்கே மிதக்கத் தொடங்கும் கப்பல்களுக்கு எந்தத் துறைமுகத்திலும் இடம் போதாது. (2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 செ.மீ. கொட்டியது. அது கப்பல் விடுகிற மழையில்லை, பயிரை மூழ்கடித்த மழை. இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே வைக்கிறேன்.)

முதலில் வினைச்சொல்லைப் பார்ப்போம். வ.உ.சி. 1906இல் கம்பெனி தொடங்கித் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் ஓட்டினார். அதனால் கப்பலோட்டிய தமிழன். எங்கள் தெருப் பிள்ளைகள் ஓட்டுவதில்லை, விடுகிறார்கள். ஓட்டுகிறவர் கையில் சுக்கான் இருக்கும். பட்டம் விடுகிறவன் கையில்கூட நூல் இருக்கும். கப்பல் விடுகிறவன் கையில் ஈரம் மட்டுமே. இந்த ‘விடு’ கதை விடுவதில் வருகிற ‘விடு’வுக்குப் பங்காளி: புறப்பட்ட பிறகு எங்கே போய் நிற்கும் என்பது இரண்டிலும் விட்டவருக்கே தெரியாது.

இலக்கியச் சான்றுகளும் இந்தப் பிரிவினையை ஏற்கின்றன. காற்றை வேலை வாங்கிக் கடலில் கலம் செலுத்தியவனின் வழித்தோன்றல் என்று புறநானூற்றின் 66ஆம் பாட்டில் கரிகாலனைப் புகழ்கிறார் வெண்ணிக்குயத்தியார். அந்த முன்னோன் ஓட்டியவர் கட்சி. விட்டவர் கட்சிக்கு முன்னோடி தேடினால் ஆதிமந்திதான் அகப்படுகிறாள். புனலாடிய கணவன் ஆட்டனத்தியைக் காவிரி இழுத்துப்போக, அவள் கரையோடு கரையாகத் தேடிப் போனாள். அந்தத் துயரத்தை நம் சின்ன விஷயத்துக்கு இழுப்பது அடாது. போன திசையை மட்டும் குறித்துக்கொள்கிறேன்: கிழக்கு.

அடுத்து மூலப்பொருள். பாதிரியார் சீகன்பால்கு 1706இல் தரங்கம்பாடிக்கு வந்து இறங்கியது டென்மார்க் கப்பலில். அடுத்த சில ஆண்டுகளில் அங்கே அச்சகம் வந்தது. 1715இல் புதிய ஏற்பாடு தமிழில் அச்சாகி முடிந்தது. பக்கத்துப் பொறையாற்றில் காகித ஆலையும் எழுந்தது. ஆக, இந்த மாவட்டத்தின் ஒரே மூலையில் கப்பலும் காகிதமும் அருகருகே கிடந்தன. இரண்டையும் எந்தப் பிள்ளையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்று சொன்னால் நம்ப முடியுமா? காகிதம் போதாமல் எழுத்துகளைச் சிறிதாக வார்த்தார்கள் என்பது வரலாறு. அந்தத் தட்டுப்பாட்டுக்கு வரலாற்றாசிரியர்கள் சொல்லும் காரணங்கள் இருக்கட்டும். என் சந்தேகம் பொறையாற்றுப் பிள்ளைகள் மேல்.

வகைகள் மூன்று: சாதாக் கப்பல், கத்திக் கப்பல், இரட்டைக் கப்பல். முதல் இரண்டைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மூன்றாவதில் ஒரு சர்வதேசக் குழப்பம் இருக்கிறது. கட்டுமரம் நம் சொல். கயிற்றால் சேர்த்துக் கட்டிய மரங்கள், அவ்வளவுதான். இதைக் கடன் வாங்கிய வெள்ளைக்காரர்கள் இரண்டு உடல்களைக் குறுக்கே இணைத்த படகுக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். 1876இல் நத்தானியல் ஹெர்ஷாஃப் என்ற அமெரிக்கர் ‘அமரில்லிஸ்’ என்ற அப்படியொரு படகில் வந்து நியூயார்க் பந்தயத்தில் மற்றவர்களை முந்தினார். உடனே ஆட்சேபம் கிளம்பியது. அந்தப் படகைத் தரங்கம்பாடி மீனவரிடம் காட்டிக் கட்டுமரம் என்றால் சிரிப்பார். எங்கள் தெருப் பையன் ஒரு நொடி பார்த்துவிட்டு ‘இரட்டைக் கப்பல்’ என்று சரியாகச் சொல்லிவிடுவான்.

காகிதக் கப்பலின் நடுவே முக்கோணமாக நிற்பதைப் பாய் என்பார்கள். காற்று அதில் பட்டால் கப்பல் முன்னே போவதில்லை, படுத்துக்கொள்கிறது. அந்த வகையில் அது நம் வீட்டுக் கோரைப்பாய்க்குத்தான் உறவு. காற்றுக்குப் பியூஃபோர்ட் என்ற ஆங்கிலக் கடற்படை அதிகாரி 1805இல் வகுத்த அளவுகோல் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. தரையில் இருப்பவர்களுக்காக அதற்கு எழுதப்பட்ட விளக்கத்தில், நான்காம் எண்ணுக்கு அடையாளமே புழுதியும் கிடக்கிற காகிதமும் பறப்பதுதான். மணிக்கு 20 முதல் 28 கிலோமீட்டர். மற்ற மாலுமிகளுக்கு அது ‘மிதமான காற்று’. நமக்குக் கப்பற்படையே காலி.

இனிக் களஆய்வு. சென்ற ஐப்பசியில் ஒரு நாள் மாலை நாலேகாலுக்கு மழை விட்டது. ஏழாம் வகுப்பு படிக்கும் பேரனை ஆய்வு உதவியாளனாக நியமித்துக்கொண்டேன். “எனக்கு இன்னும் அந்த வயசா தாத்தா?” என்று முணுமுணுத்தான், ஆனாலும் எனக்கு முன்னால் வாசலுக்குப் போய்விட்டான்.

முதல் கப்பல் நாள்காட்டித் தாள். அதில் அச்சாகியிருந்த ராகு காலத்தை நான் படித்து முடிப்பதற்குள் ஊறிப் படுத்தது. இரண்டாவது கல்யாணப் பத்திரிகை. மூலையில் மஞ்சள் தடவிய கனத்த அட்டை. மடங்க மறுத்ததால் அப்படியே விட்டோம். ‘தங்கள் நல்வரவை நாடும்’ என்ற வரி வானத்தைப் பார்த்தபடி தெப்பமாகப் போய் எதிர்வீட்டுப் படியில் தட்டி நின்றது. மூன்றாவது, வழவழப்பான விளம்பர நோட்டீஸ். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, பால்காரரின் டிவிஎஸ் கிளப்பிய அலை வரும் வரை. கப்பல் கவிழ்ந்தாலும் கன்னத்தில் கை வைக்காதே என்பார்கள். வைக்க முடியாது, இரண்டு கையிலும் சேறு.

நான்காவதுக்குப் பேரன் தன் பையைத் திறந்தான். கோடு போட்ட தாள், இரண்டு பக்கமும் எழுதியது. என்ன எழுத்து என்று நான் பார்ப்பதற்குள் மடித்துவிட்டான். சரியாக நாலரைக்கு விட்டோம். இரண்டு கரண்டுக் கம்பங்களுக்கு நடுவே 30 மீட்டர். ஒரு நிமிடத்தில் கடந்தது. நாங்கள் குனிந்தபடி கூடவே ஓடினோம். தெருமுனை மதகுக்குள் நுழைந்தது, மறுபக்கம் வந்தது, கிழக்கே திரும்பியது. அதுவே கடைசித் தரிசனம்.

இனிக் கணக்கு. விநாடிக்கு அரை மீட்டர் என்றால் 24 கிலோமீட்டருக்கு 13 மணி 20 நிமிடம். மாலை நாலரைக்குப் புறப்பட்ட கப்பல் மேலையூர்க் கதவணையையும் தாண்டி, விடியற்காலை 5.50க்குப் பூம்புகார். ஆனால் அதே நோட்டிலிருந்து கிழித்த வேறொரு தாளை வாளியில் மிதக்கவிட்டதில் 20 நிமிடத்தில் அடி ஊறிச் சாய்ந்தது. 20 நிமிடத்தில் 600 மீட்டர்தான். ஆகவே ஒன்று முழுகுகிற இடத்தில் இன்னொன்றை இறக்கினால் மொத்தம் 40 கப்பல் வேண்டும். எண்பது பக்க நோட்டில் எத்தனை தாள்? சரியாக நாற்பது. நோட்டுக் கம்பெனிக்காரர்கள் பூம்புகார்த் தூரத்தை அளந்துதான் தைத்தார்களா என்பது மேலாய்வுக்கு உரியது. கப்பல் ஒரு நாள் தாமதமாகப் போனாலும் கவலையில்லை. ஐப்பசி முழுக்கைத் தவறவிட்ட முடவனுக்காகக் கார்த்திகை முதல் நாளையும் சேர்த்துக் கொடுத்த துலாக் கட்டம் எங்களுடையது.

இந்தக் கணக்கைப் பேரனுக்கும் விளக்கினேன். வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டான்.

இரவு எட்டு மணிக்கு மகள் அடுக்களையிலிருந்து வந்தாள்.

“டேய், கணக்குப் பரீட்சைப் பேப்பர் குடுத்துட்டாங்களாமே. காலமும் தூரமும் பாடத்துல வச்சதாம். இருபத்தஞ்சுக்கு ஏழுன்னு அடுத்த வீட்டுப் பொண்ணு சொல்லுது. எங்க அது? கையெழுத்துப் போடணும்ல?”

பையன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். விரலை மடக்கினான்.

“நாலரைக்கு விட்டதும்மா. முங்காம இருந்தா இந்நேரம் ஆறு புள்ளி மூணு கிலோமீட்டர். மன்னம்பந்தலத் தாண்டியிருக்கும்.”

ஆய்வுக் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். விடை சரி.