பொய்வால் இயல்

பவர்பாயின்ட் படக்காட்சிக் கோப்புகள் தலையாலும் வாலாலும் அறியப்படும் என்க. வாலாவது பெயரில் கடைசிப் புள்ளிக்குப் பின் நிற்பது. தலையாவது கோப்பின் முதல் சில பைட்டுகள். பழைய பிபிடி குலத்தின் தலை ‘டி0 சிஎஃப் 11 இ0’. ஆபிஸ் 2007-உடன் வந்த பிபிடிஎக்ஸ் ஒரு ஜிப் மூட்டை. ஜிப்பை ஆக்கிய ஃபில் காட்ஸின் முதலெழுத்துகளான ‘பிகே’ அதன் நெற்றியில் இருக்கும். தலையும் வாலும் முரணினால் பொய்வால்.

பொய்வால்களுள் ஒட்டுவால் மிகுதி. ‘பிபிடிஎக்ஸ் மட்டும்’ என்று கோப்பை ஏற்றும் போர்ட்டல் சொன்னதும் பழைய கோப்பின் பெயரில் ஓர் எக்ஸ் சேர்ப்பதால் பிறப்பது. கோப்பு பயனற்றுப் போகலாம் என்று விண்டோஸ் எச்சரிக்கும். ‘யெஸ்’ கொடுப்பது மரபு. ‘சேவ் ஆஸ்’ என்று ஒன்று இருப்பதை இவ்வகையார் அறியார். விண்டோஸ் உண்மை வாலை மறைத்திருந்தால் எச்சரிக்கையும் வராது. கண்ணுக்குப் பிபிடிஎக்ஸ், அதன் பின்னே மறைவில் பிபிடி என இரட்டைவால் உண்டாகும்.

பிபிஎஸ்ஸைப் பிபிடி ஆக்குவது குற்றமன்று. உடல் ஒன்றே, நேரே ஸ்லைடு ஷோ ஓடாமல் திருத்தத் திறக்கும், அவ்வளவே. பிபிடிஎம்மைப் பிபிடிஎக்ஸ் ஆக்குவதோ குற்றம். மேக்ரோ உண்டென்று உள்ளிருக்கும் பட்டியலே காட்டிக்கொடுக்க, பவர்பாயின்ட் திறக்க மறுக்கும்.

வைஃபையில் லாகின் செய்யாமல் இறக்கியது முழுப்பொய். வந்தது லாகின் பக்கம். வால் மட்டும் பிபிடிஎக்ஸ். நோட்பேடில் திறந்தால் முதல் வரியிலேயே ‘ஹெச்டிஎம்எல்’ என்று பல்லிளிக்கும்.

இவ்வியலின் மணி வேறொன்று. பிபிடிஎக்ஸுக்குப் பாஸ்வேர்ட் போட்டால், ஆபிஸ் அதை மறையாக்கிப் பழைய பாணிக் கூட்டுக்குள் வைக்கும். தலை ‘டி0 சிஎஃப்’ ஆகிவிடும். இங்கே வால் மெய், தலையே வேடம். தலையை மட்டும் நம்பும் நிரல் இதைப் பழையது என்னும். வாலை மட்டும் நம்பும் நிரல் ஜிப்பாக விரிக்கப் போய், கோப்பு பழுது என்னும். பழுதில்லாத கோப்பைப் பழுதென்ற இரண்டாமவனையே நாம் அதிகம் குறை சொல்வோம்.

பொய்வால் போலிருந்து அதுவல்லாததும் உண்டு: பெயரின் முன்னே அலைக்கோடும் டாலர் குறியும் உடையது. பவர்பாயின்டில் கோப்பு திறந்திருக்கையில் பக்கத்தில் மறைவாகக் கிடக்கும் பூட்டு அது. உள்ளே திறந்தவரின் பெயரன்றி ஸ்லைடு ஒன்றும் இராது. மறைந்த கோப்புகளையும் காட்டச்சொல்லும் கெட்டிக்காரர் சிலர் அதை மட்டும் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டு செமினாருக்கு வருவர். அவர்களை எவ்வகையில் அடக்குவதென்று இந்நூலுக்குத் துணிபில்லை.